பவளம் சுருங்கினால், வெளுத்தால், உரிந்தால்: நெல்லை வெயிலில் கடல்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு

போன பங்குனியில் ஒரு ராத்திரி பேட்டையிலிருந்து தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, தொட்டில எல்லாமே சுருங்கிக் கெடக்கு. கடையில ஒரு பாட்டில் குடுத்திருக்காங்க. ஊத்திரட்டுமா?" ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்த வாரத்தில் என்ன மாறியது? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். வெக்கை தாங்காமல் தொட்டிக்கு மேல் புதிதாக ஒரு ஃபேன் மாட்டியிருந்தார். வேறொன்றும் இல்லை. விடை அதிலேயே இருந்தது, கீழே சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் 200 லிட்டர் தொட்டி ஒன்றை ஏழு வருடமாக வைத்திருக்கிறேன். அதில் நான் கற்றது இதுதான்: பவளத்தைக் கொல்வது பெரும்பாலும் தப்பான அளவு இல்லை, ஆடும் அளவு. அல்கலினிட்டி (பவளம் கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட்டின் அளவு, டிகேஎச் என்ற அலகில் சொல்வோம்) 7.5 டிகேஎச்சில் நிலையாக நிற்கும் தொட்டியும் நன்றாக இருக்கும், 9-இல் நிற்கும் தொட்டியும் நன்றாக இருக்கும். திங்கட்கிழமை 7, வியாழக்கிழமை 10 என்று ஏறி இறங்கும் தொட்டியில்தான் சதை உரியும். நம் ஊரின் வெயில், காற்று, கரண்ட் கட் மூன்றுமே அளவை ஆட்டி வைப்பவை. அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் என்ன மாறியது என்று பாருங்கள், அடுத்து அளந்து பாருங்கள், ஊற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறுகளுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடா நமக்குக் கூப்பிடு தூரம். தூத்துக்குடிப் பக்கம் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைப் பார்த்தால் எடுத்துவர ஆசையாக இருக்கும். எடுக்காதீர்கள். கல் பவளங்கள் அத்தனையும், கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம் எல்லாமே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டாக இருந்தாலும் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள், அந்தக் கடலின் நிலையே போதும். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில் அங்கே இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. என் தொட்டியில் இருப்பவை லெதர், சோவாந்திட், மஷ்ரூம் போன்ற மென் வகைகள்தான். வளர்ப்பவர்களிடம் வெட்டுத் துண்டாக வாங்கியவை. கல் பவளம் வைக்க நினைப்பவர்கள் அது எங்கிருந்து வந்தது, என்ன ஆவணம் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள். கல் பவளத்தைப் பற்றிக் கீழே சொல்வது, அப்படி முறைப்படி வைத்திருக்கும் நண்பர்களின் தொட்டிகளில் கூட இருந்து பார்த்தது.

நான் மனதில் வைத்திருக்கும் அளவுகள்: உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு, அடர்த்தியில் 1.026), வெப்பம் 25 முதல் 27 டிகிரி, அல்கலினிட்டி 7.5 முதல் 9 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில், அதே பிபிஎம் கணக்கில் மக்னீசியம் 1300 முதல் 1350, நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. இதற்குக் கொஞ்சம் அப்பால் இருந்தும் நிலையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

எல்லாமே ஒரே நேரத்தில் சுருங்கிக் கிடக்கிறது

ஒரு பவளம் மட்டும் சுருங்கினால் அது அந்தப் பவளத்தின் பாடு. எல்லாமே சேர்ந்து சுருங்கினால் அது தண்ணீரின் பாடு. முதலில் உப்பை அளங்கள்.

பேட்டைத் தம்பியின் தொட்டியில் நடந்தது இதுதான். ஃபேன் காற்று பட்டால் தண்ணீர் ஆவியாகிக் குளிரும். நம் ஊர் வறண்ட மேல்காற்றில் அது அருமையாக வேலை செய்யும். ஆனால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். 200 லிட்டரில் நாளொன்றுக்கு 5 லிட்டர் வீதம் மூன்று நாள் போனால் 35 இருந்தது 38-ஐ நெருங்கிவிடும். அவர் வேறு, மட்டம் குறைகிறதே என்று உப்புக் கலந்த தண்ணீரையே ஊற்றி நிரப்பியிருந்தார். ஆவியான இடத்தை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். உப்பு ஏறிவிட்டால் ஒரே நாளில் இறக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பிபிடி என்று இறக்குங்கள். அவருடைய தொட்டி மூன்றாம் நாள் மாலையில் விரிய ஆரம்பித்தது. முடிந்தால் மட்டம் குறையக் குறையத் தானே நல்ல தண்ணீர் விடும் ஆட்டோ டாப்-அப் ஒன்று மாட்டிவிடுங்கள். இந்த ஊரில் ஸ்கிம்மரைவிட (நுரையில் அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி) அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

உப்புச் சரியாகக் காட்டுகிறது, ஆனாலும் சுருங்கியிருக்கிறது என்றால் கருவியைச் சந்தேகப்படுங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யத்துக்கு வைத்தால் போதாது. 35-க்குப் பக்கத்தில் சரியாகக் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கென்று விற்கும் கரைசல் கிடைக்காவிட்டால், அயோடின் சேர்க்காத சுத்தமான சோடியம் குளோரைடு 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீரில் கரைத்தால் அது ரிஃப்ராக்டோமீட்டரில் 35 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

உப்பும் சரி, கருவியும் சரி என்றால் நஞ்சு ஏதாவது உள்ளே போயிருக்கலாம். நம் வீடுகளில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, செம்பு. எங்கள் ஆச்சி ஒருநாள் ஆசையாக ஆர்ஓ தண்ணீரைச் செப்புக் குடத்தில் பிடித்து வைத்திருந்தார். நமக்கு நல்லது என்று நினைக்கும் அந்தச் செம்பு, மிகக் குறைந்த அளவிலேயே இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். பித்தளைக் குழாய் இணைப்பும் அப்படித்தான். மீனுக்குப் போடும் செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். இரண்டு, கொசு மருந்து. திரவ மெஷின், சுருள், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எல்லாமே நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. ஏர் பம்பு அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீரில்தான் கலக்கிறது. தொட்டி இருக்கும் அறைக்கு வலையடித்துவிடுங்கள். மூன்று, தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் காந்தம் வெடித்துத் துரு கசிவது. கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த மூன்றில் எது நடந்திருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே: ஆக்டிவேட்டட் கார்பனைப் போட்டு, கால்வாசித் தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் கழித்து மறுபடியும் மாற்றுங்கள்.

வெளுக்கிறது

வெளுப்பதையும் உரிவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெளுத்த பவளத்தில் சதை இருக்கும். கண்ணாடி மாதிரி தெரியும், பூ மாதிரி விரியும் பாலிப் அசையும். உள்ளே குடியிருக்கும் சூசாந்தெல்லே என்ற நுண்பாசியைத்தான் அது வெளியே தள்ளியிருக்கிறது. உயிர் இன்னும் இருக்கிறது, காப்பாற்றலாம்.

காரணம் வெப்பமாகவோ வெளிச்சமாகவோ இருக்கும். சித்திரை, வைகாசியில் வெளியே 38, 40 என்று அடிக்கும்போது மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் உள்ள தொட்டி ஒரே மதியத்தில் 31-ஐத் தொட்டுவிடும். நம் மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அவ்வளவு பெரிய கடலே தாங்காத சூட்டை 200 லிட்டர் எப்படித் தாங்கும்?

முதல் வேலை, ஹீட்டரைப் பிடுங்குங்கள். வெப்பம் ஏறியதற்குக் காரணம் வெயில் அல்ல, தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு ஓயாமல் எரிந்த ஹீட்டர்தான் என்று நான் இரண்டு வீடுகளில் கண்டிருக்கிறேன். மார்கழி ராத்திரிகளைத் தவிர நம் ஊரில் அதற்குப் பெரிய வேலை இல்லை. அடுத்து மூடியைத் திறந்து ஃபேனைப் போடுங்கள். ஒரு லிட்டர் ஆவியானால் 200 லிட்டரில் ஏறக்குறைய 3 டிகிரிக்கான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஐப்பசி மழையில் காற்று ஈரமாக இருக்கும்போது அந்த அளவுக்கு வேலை செய்யாது, ஆனால் அப்போது தேவையும் இருக்காது. சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின்) வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அது தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை அதே அறையில்தான் விடும். ஜன்னல் இல்லாத அறையில் சில்லர் தன்னைத்தானே துரத்திக்கொண்டிருக்கும். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். பாட்டிலில் உறையவைத்து மிதக்கவிடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது.

வெப்பம் சரியாக இருந்தும் மேல்பக்கம் மட்டும் வெளுத்தால் வெளிச்சம் அதிகம். புது எல்ஈடி மாட்டினீர்களா? பாதி அளவுக்குக் குறைத்து, வாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மொத்தமும் வெளிறி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் காட்டினால் அது பசி. தீனியைக் கூட்டுங்கள். இதற்கு நேர்மாறாகப் பவளம் பழுப்படித்துப் போனால் சத்து அதிகம் அல்லது வெளிச்சம் குறைவு. அது அவசரம் இல்லை, மெதுவாகச் சரிசெய்யலாம்.

அடியிலிருந்து சதை உரிகிறது

இதுதான் கல் பவளம் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டியது. சதை போய் வெள்ளைச் சுண்ணக்கூடு பளிச்சென்று தெரியும், அந்த இடத்தில் பாலிப் இருக்காது. வெப்பம் நன்றாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியது அல்கலினிட்டிதான்.

கால்சியம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். பவளம் கூடு கட்டும்போது ஒரு டிகேஎச் அல்கலினிட்டிக்கு 7 பிபிஎம் கால்சியம்தான் செலவாகும். அல்கலினிட்டி 9-லிருந்து 6-க்கு விழும்போது கால்சியம் 420-லிருந்து 400 பக்கம்தான் வந்திருக்கும். சொட்டு மருந்து விட்டு அளக்கும் டெஸ்ட் கிட்டில் அந்த வித்தியாசம் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. அதனால் அல்கலினிட்டியை அளங்கள், தினமும் ஒரே நேரத்தில், ஒரு வாரத்துக்கு. நாளொன்றுக்கு எவ்வளவு விழுகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு ஊற்றுவது என்று தெரியும்.

கணக்கு எளிது. 100 லிட்டருக்கு ஒரு டிகேஎச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். அதாவது நம் ஆப்பச் சோடா. பேக்கிங் பவுடர் வேறு, அது ஆகாது. அதே 100 லிட்டரில் கால்சியத்தை 10 பிபிஎம் ஏற்ற 3.7 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், பால் மாதிரி திரிந்துவிடும்; தனித்தனியாகக் கரைத்து, அரை மணி நேர இடைவெளியில், ஓட்டம் உள்ள இடத்தில் ஊற்றுங்கள். தொட்டியின் லிட்டரைக் கணக்கிடும்போது கல்லும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழிக்க மறக்க வேண்டாம். 200 லிட்டர்த் தொட்டியில் 160, 170 லிட்டர்தான் தண்ணீர் இருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். 6-இல் கிடப்பதைக் கண்டு பதறி ஒரே ராத்திரியில் 9 ஆக்கியவர்களின் தொட்டிகளில்தான் நான் அதிகச் சாவைப் பார்த்தேன். குறைந்திருந்ததைத் தாங்கிய பவளம் அந்தத் திடீர் ஏற்றத்தைத் தாங்காது. உரிதல் வேகமாக ஏறினால் நல்ல முனையை வெட்டியெடுத்துத் தனியே ஒட்டிவிடுங்கள். உரியும் இடத்தில் பழுப்பாகக் கூழ் மாதிரி இருந்தால் பம்புகளை நிறுத்திவிட்டு, குழாயால் அந்தக் கூழை உறிஞ்சி வெளியே எடுங்கள், அது பரவக்கூடியது.

கிட் பொய் சொல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏப்ரல் முழுக்க அலமாரியில் வெந்து கிடந்த சொட்டு மருந்து சரியாகக் காட்டாது. கிட்டைக் குளிர்ந்த, இருட்டான இடத்தில் வையுங்கள், தேதி பாருங்கள்.

எவ்வளவு ஊற்றினாலும் நிற்கவில்லை, மோட்டாரில் வெள்ளைப் படிவு

மக்னீசியத்தை அளங்கள். கால்சியமும் கார்பனேட்டும் தண்ணீரிலேயே சேர்ந்து சுண்ணாம்பாகப் படியாமல் தடுத்து நிற்பது அதுதான். 1200-க்குக் கீழே போனால் நீங்கள் ஊற்றுவதெல்லாம் பவளத்துக்குப் போகாமல் மோட்டாரிலும் மணலிலும் படியும். 100 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற 8.4 கிராம் மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்.

மக்னீசியம் ஏன் குறைந்தது என்று தேடிப்போன ஒரு வீட்டில் கிடைத்த விடை என்னை வருத்தப்பட வைத்தது. பணத்தை மிச்சம் பிடிக்க, பவளத் தொட்டிக்கென்று விற்கும் ரீஃப் உப்போடு தூத்துக்குடிக் கல்லுப்பைப் பாதிக்குப் பாதி கலந்திருந்தார்கள். கடல் தண்ணீரிலிருந்து எடுத்ததுதானே என்பது அவர்கள் வாதம். உப்பளத்தில் நடப்பதைப் பாருங்கள்: தண்ணீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாகப் படிந்து பிரிகிறது, பிறகு உப்பு விளைகிறது, மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடுகின்றன. பாத்தியில் வாருவது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. சாப்பாட்டுக்கு அதுதான் நல்லது, பவளத்துக்கு அது பட்டினி.

உவரியிலிருந்தோ இடிந்தகரையிலிருந்தோ கடல் தண்ணீரையே கேனில் கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். கொண்டுவரலாம், மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம். ஆறுகள் கலங்கலாகக் கடலில் சேரும் நாட்களில் கரையோரத் தண்ணீர் உப்புக் குறைந்து, வண்டலும் உரச்சத்தும் கலந்து நிற்கும். படகுகள் நிற்கும் இடத்தில் டீசல் இருக்கும். நான் இரண்டு முறை கொண்டுவந்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அளவு மாறுவதால் விட்டுவிட்டேன்.

விடியற்காலையில் பிஹெச் 7.7

அல்கலினிட்டி சரியாக இருந்தால், பிஹெச் பாட்டிலைத் தொடாதீர்கள். ஏசி போட்டு, கதவடைத்து, நான்கு பேர் படுத்திருக்கும் அறையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தண்ணீரில் கரைந்திருக்கும். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை மாடிக்குக் கொண்டுபோய் ஏர் பம்பு வைத்து ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். பிஹெச் ஏறினால் குற்றம் அறைக் காற்றில்தான். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்கள், போதும். ராத்திரியில் சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதும் நல்ல வழி. ஆனால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வேண்டாம், உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள். அதன் பிஹெச் 12-க்கு மேல். கொட்டிவிட்டால் தொட்டி போச்சு.

பாசியும் சளியும்

புதுத் தொட்டியில் மணல்மேல் பழுப்புப் பொடி படிந்தால் அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானே போய்விடும். ஆறு மாதத்துக்குப் பிறகும் வந்துகொண்டிருந்தால் தண்ணீரைப் பாருங்கள். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் மென்மையானதுதான், ஆனாலும் குளோரின் இருக்கும். போர் தண்ணீரில் உப்பும் சிலிக்கேட்டும், தோட்டப் பக்கம் என்றால் நைட்ரேட்டும் இருக்கும். வீட்டில் குடிக்கும் ஆர்ஓ மெஷின் போதாது, பெரும்பாலானவை ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலக்கும். மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் சேர்த்து, கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் தண்ணீர்தான் வேண்டும்.

பச்சை மயிர்ப்பாசி என்றால் பாஸ்பேட். தீனியைக் குறையுங்கள், கையால் பிடுங்குங்கள், நத்தை விடுங்கள். பாஸ்பேட் நீக்கியை ஒரேயடியாகக் கொட்டிப் பூஜ்யமாக்காதீர்கள்.

செம்பழுப்பு நிறத்தில் குமிழி கோத்த நூல்நூலான சளி தொங்கினால் கவனம். அது டைனோ (டைனோஃபிளாஜலேட் என்ற நுண்ணுயிர்). இங்கே சுத்தம் செய்வதே தப்பு: நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யமான தொட்டியில்தான் அது செழிக்கும். கொஞ்சத்தை பாட்டிலில் எடுத்துக் குலுக்கி, காப்பி வடிகட்டும் தாளில் வடித்து, தெளிந்த தண்ணீரை விளக்கடியில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மறுபடி சளியாகத் திரண்டால் அதுவேதான். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, தீனியைக் கூட்டி, நைட்ரேட்டை 5-க்கும் பாஸ்பேட்டை 0.1-க்கும் கொண்டுவாருங்கள். மூன்று நாள் விளக்கை அணைத்து வைப்பதும் யுவி விளக்கும் பல வகைகளுக்கு உதவும். இரண்டு மாதம் பொறுமை வேண்டும்.

கரண்ட் போய்விட்டது

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பக்கமெல்லாம் வெள்ளம். எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. முதல் நாளே இன்வெர்ட்டர் இறங்கிவிட்டது. என் பவளங்களைக் காப்பாற்றியது பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்பு. முதலில் தீர்வது ஆக்சிஜன், வெளிச்சம் இல்லை. பவளம் மூன்று நாள் இருட்டைத் தாங்கும். இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் ஒன்றை மட்டும் வையுங்கள், விளக்கு வேண்டாம். தீனி போடவே கூடாது.

பல மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே அழுகிய தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் வரும். திறந்து, கொட்டி, கழுவிவிட்டு ஓட்டுங்கள். அடுத்த மூன்று நாள் தினமும் அமோனியா பார்த்து, தெரிந்தால் தண்ணீர் மாற்றுங்கள்.

லெதர் மட்டும் ஒரு வாரமாக மூடியிருக்கிறது

மற்றவை எல்லாம் விரிந்திருக்க, லெதர் மட்டும் பாலிப் இல்லாமல் மழமழவென்று மெழுகு பூசினது போல் நின்றால், உப்பையும் அல்கலினிட்டியையும் ஒருமுறை அளந்துவிட்டு ஒன்றும் செய்யாதீர்கள். மேல்தோலை உரித்துக்கொண்டிருக்கிறது. வேவ்மேக்கரைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பிவையுங்கள். சில நாட்களில் அந்த மெல்லிய தோல் ஓட்டத்தில் பிய்ந்து போகும், அடுத்த நாள் பாலிப் எல்லாம் வெளியே வந்திருக்கும்.